குரல் பிறக்கும் ஆறு



காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பகற்பொழுதில் நடப்பவர் காதில் முதலில் விழுவது தறியின் ஓசை. அந்த ஓசைக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். கோர்வைச் சேலை நெய்யும் தறியில் உடல் நெய்பவர், பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளும் துணையாளுக்கு ஏதோ ஒரு சொல் சொல்கிறார். அத்தனை இரைச்சலையும் கடந்து அந்தச் சொல் உரியவர் காதை அடைந்துவிடுகிறது. அழைத்தவர் யார், அவர் சினந்திருக்கிறாரா, களைத்திருக்கிறாரா என்பனவற்றையும் முகம் காணாமலே நாம் அறிந்துகொள்கிறோம். இவ்வளவு செய்தியைச் சுமந்து வரும் குரல் உடம்பின் எந்த இடத்தில், எவ்வாறு பிறக்கிறது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

குரலுக்கு மூலப்பொருள் காற்று. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்தகடு கீழே இறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று புகுகிறது. அமைதியாக மூச்சு விடும் ஒருவர் ஒரு முறைக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் காற்றை இழுத்து வெளிவிடுகிறார். இழுக்கும் நேரமும் விடும் நேரமும் அப்பொழுது பெரிதாக வேறுபடுவதில்லை. பேசத் தொடங்கியவுடன் இந்தக் கணக்கு மாறிவிடும். சட்டென்று இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் செலவிடுகிறோம். மூச்சின் நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெளிவிடுதலுக்கே ஆகிறது. ஏகாம்பரநாதர் திருக்கோயிலில் ஓதுவார் தேவாரத்தின் நீண்ட அடி ஒன்றை மூச்சு முறியாமல் பாடுகையில் அவருடைய தொண்டையைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள். கஞ்சன் பணம் கொடுப்பதுபோல் காற்றை அளந்து விடும் வேலை அங்கேதான் நடக்கிறது.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியலில், ஒலிக்குரிய காற்று உந்தியிலிருந்து எழுவதாகக் கூறினார். கொப்பூழில் காற்றுப்பை ஏதும் இல்லையே என்று உடற்கூற்று நூல் பயிலும் மாணவர் நகைக்கக்கூடும். ஆனால் உடம்பை அறுத்துப் பார்த்து எழுதிய நூல் அன்று அது. பேசுகிறவனும் பாடுகிறவனும் தன் உடம்பில் முயற்சி தொடங்கும் இடமாக உணர்வது வயிற்றையே. அந்த உணர்வை நோக்கினால் உந்தி என்ற சொல் பிழையாகத் தோன்றவில்லை.

வெறுங்காற்று ஒலியன்று. அது ஒலியாக மாறும் இடம் குரல்வளை. மூச்சுக்குழலின் உச்சியில் மோதிர வடிவில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதன்மேல் கேடயம்போல் மற்றொன்று முன்புறம் கவிந்திருக்கிறது. ஆடவர் கழுத்தில் புடைத்துத் தெரியும் மேடு இந்தக் கேடயத்தின் விளிம்பே. மோதிரத்தின் பின்புறத்தில் இரண்டு சிறிய குருத்தெலும்புகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றிலிருந்து கேடயத்தின் உட்புறம்வரை, முன்னும் பின்னுமாக, இரண்டு மடிப்புகள் நீண்டு கிடக்கின்றன. இவற்றைக் 'குரல் நாண்' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அந்தப் பெயர் எனக்கு உவப்பானதன்று. நாண் என்றவுடன் மாணவன் மனத்தில் வீணைத் தந்தி தோன்றிவிடுகிறது. இவை தந்திகள் அல்ல. தசையும் மென்தோலும் சேர்ந்த மடிப்புகள். மூச்சு விடும்போது விலகியும், பேசும்போது நெருங்கியும் நிற்பவை.

இவற்றுக்கு நம் ஊரிலேயே நல்ல உவமை இருக்கிறது. கோயிலில் நாகசுரம் வாசிப்பவர் சீவாளியைக் கழற்றி, தனியே வாயில் வைத்து ஊதிச் சரிபார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். நாணலால் செய்த இரண்டு மெல்லிய இதழ்களுக்கு இடையே காற்றுப் பாய்கிறது; இதழ்கள் நெருங்குகின்றன, விலகுகின்றன; 'பீ' என்று ஒரு வறட்டு ஒலி எழுகிறது. அந்த ஒலியில் இராகமும் இல்லை, இனிமையும் இல்லை. குழலில் பொருத்திய பிறகே அது நாகசுரமாகிறது. நம் குரல் மடிப்புகள் சீவாளி. அவற்றுக்கு மேலுள்ள தொண்டையும் வாயும் மூக்கும் குழல். ஆடவர்க்கு இந்தக் குழலின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒரு வேறுபாடு உண்டு. நாகசுரத்தின் சீவாளி செய்த அளவிலேயே இருக்கும். நம் தொண்டையிலுள்ள சீவாளி தன் நீளத்தையும் கனத்தையும் நொடிக்கு நொடி மாற்றிக்கொள்ளும். குழலோ, தன் வடிவையே மாற்றிக்கொள்ளும்.

நெருங்கி நிற்கும் மடிப்புகளின் கீழே காற்று அழுத்துகிறது. அழுத்தம் மிகவே அவை திறக்கின்றன. காற்று பீறிட்டவுடன் தம் மீள்தன்மையாலும், விரைந்தோடும் காற்று உண்டாக்கும் அழுத்தக் குறைவாலும் மீண்டும் மூடிக்கொள்கின்றன. இவ்வாறு திறந்து மூடுவது ஆடவர் பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 120 முறை, பெண்டிர் பேச்சில் 200 முறைக்குச் சற்று மேல், சிறு பிள்ளைகளிடம் 300 அளவில். ஆடவர்க்கு மடிப்பின் நீளம் 17 முதல் 25 மில்லிமீட்டர். பெண்டிர்க்கு அதனினும் குறைவு. குரலை உயர்த்த வேண்டுமானால் கேடயக் குருத்தெலும்பு சாய்ந்து மடிப்புகளை இழுக்கிறது. அவை மெலிந்து இறுகி விரைவாக அதிர்கின்றன. இழுத்துக் கட்டிய பாவு இழையையும் தளர்ந்த இழையையும் சுண்டிப் பார்த்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

குரல்வளையின் முதற்கடமை குரல் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணவும் நீரும் மூச்சுக்குழலுக்குள் விழாமல் காப்பதே அதன் பழந்தொழில். காவலன் ஒரு நொடி அயர்ந்தால் புரையேறுகிறது. வாயிற்காவலனாக அமைந்த உறுப்பையே மனிதன் பாணனாகவும் ஆக்கிக்கொண்டான்.

இந்த மடிப்புகள் அதிர்வதை உயிருள்ள மனிதர் தொண்டையில் நெடுங்காலம் எவரும் தெளிவாகக் கண்டதில்லை. கண்டு காட்டியவர் மருத்துவரல்லர், ஒரு பாட்டாசிரியர். மனுவேல் கார்சியா என்னும் ஸ்பானியர், 1854-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், பல் மருத்துவர் கையாளும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியை வெந்நீரில் சூடாக்கித் தம் தொண்டையின் பின்புறம் வைத்துக்கொண்டார். மற்றொரு கண்ணாடியால் கதிரவன் ஒளியை அதன்மேல் வீழ்த்தினார். தம் குரல்வளை விரிந்து கிடப்பதைத் தாமே கண்டார். சூடாக்கியது ஏன் என்று மாணவர் கேட்கலாம். குளிர்ந்த கண்ணாடியில் மூச்சின் ஆவி படிந்து உருவத்தை மறைத்துவிடும். மறு ஆண்டு இலண்டனில் ராயல் கழகத்தின் முன் அவருடைய கட்டுரை படிக்கப்பெற்றது. 1805-இல் பிறந்த அவர் 1906 வரை, நூறாண்டு கடந்து வாழ்ந்தார். தம் மாணவர்களின் குரல் எங்கே பழுதாகிறது என்று அறியும் ஆவல் ஓர் ஆசிரியரை இவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்பதை எண்ணும்போது, அத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்குச் சற்றே பெருமிதம் உண்டாகிறது.

தொண்டைக்குள் நிகழ்வதைக் காணக் கண்ணாடி வேண்டியிருந்தது. தொண்டைக்கு மேலே நிகழ்வதையோ, நம் இலக்கணம் வகுத்தவர்கள் கண்ணாடியின்றியே நாவால் தடவிப் பார்த்து எழுதிவிட்டார்கள். பிறப்பியலில் உள்ள நூற்பாக்கள் இருபதே. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களைத் தொல்காப்பியர் முதலில் எண்ணுகிறார். உயிரெழுத்துப் பன்னிரண்டும் மிடற்றில் பிறந்த காற்றால் ஒலிப்பன என்கிறார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். ககர ஙகரங்களுக்கு அடிநா அடியண்ணத்தைச் சேர வேண்டும். சகர ஞகரங்களுக்கு நடுநா நடுவண்ணத்தை. டகர ணகரங்களுக்கு நுனிநா நுனியண்ணத்தை. பகர மகரங்களுக்கு இதழ் இரண்டும் பொருந்த வேண்டும். வகரத்திற்கு மேற்பல் கீழிதழைச் சேரும். ரகர ழகரங்களுக்கு நாநுனி மேலே வளைந்து அண்ணத்தை ஒற்றாமல் வருட வேண்டும். ஒற்றுதல் வேறு, வருடுதல் வேறு என்று கண்ட நுட்பத்தை நினைத்துப் பாருங்கள். 'பழம்' என்று சொல்லத் தடுமாறும் பிள்ளைக்கு, 'சரியாகச் சொல்' என்று பத்து முறை அதட்டுவதைவிட, நாவின் நுனியை மேலே வளைத்துத் தடவு, முட்டாதே என்று ஒரு முறை சொல்வது பயன் தரும். நான் பல ஆண்டுகள் செய்து பார்த்தது அது.

நன்னூலாரும் இவ்வழியே சென்றார். அவர் வல்லினத்துக்கு மார்பையும், மெல்லினத்துக்கு மூக்கையும், உயிருக்கும் இடையினத்துக்கும் மிடற்றையும் இடமாகக் கூறுவர். மெல்லினத்துக்கு மூக்கு என்பதை நீங்களே சோதிக்கலாம். 'ம்' என்று நீட்டி ஒலித்துக்கொண்டே மூக்கைப் பொத்துங்கள். ஒலி அந்தக் கணமே நின்றுவிடும். வல்லினத்துக்கு மார்பு என்பதை இன்றைய ஒலிநூல் ஒப்புவதில்லை. அந்த எழுத்துகளைச் சொல்லும்போது நெஞ்சில் உணரும் உந்துதலைக் கருதி அவ்வாறு கூறியிருக்கலாம் என்பது என் எண்ணம். இந்நூலின் விருத்தியுரையைத் திருத்திப் புதுக்கியவர் சிவஞான முனிவர் என்பதையும், அவரே காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தைப் பாடியவர் என்பதையும் எங்கள் ஊர் மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

உயிரெழுத்துகளின் வேறுபாடு எங்கே உண்டாகிறது? இதற்கும் கருவி வேண்டா. 'ஆ, ஈ, ஊ' என்று ஒரே சுருதியில் நிறுத்திச் சொல்லுங்கள். தொண்டையிலுள்ள சீவாளி மாறவில்லை. வாய் அங்காப்பதும், நா முன்னே உயர்வதும், இதழ் குவிவதுமே மாறுகின்றன. இனி, குரல் எழாமல் காதோடு காதாக அந்த மூன்றையும் சொல்லுங்கள். குரல் மடிப்புகள் இப்போது அதிரவே இல்லை. ஆயினும் 'ஆ' எது, 'ஈ' எது என்று கேட்பவர்க்கு ஐயம் தோன்றுவதில்லை. எழுத்தை வகுப்பது குழலின் வடிவமே.

அப்படியானால் மெய்யெழுத்துகளில் குரல் மடிப்புக்குப் பங்கு இல்லையோ? உண்டு. நம் நெடுங்கணக்கு அதனை மறைத்து வைத்திருக்கிறது. கழுத்தின் மேட்டில் இரண்டு விரல்களை மெல்ல வைத்துக்கொண்டு 'பத்து' என்று சொல்லுங்கள். பிறகு 'பந்து' என்று சொல்லுங்கள். முன்னதில் நடுவே அதிர்வு ஒரு கணம் அற்றுப்போகிறது. பின்னதில் இடையறாமல் ஓடுகிறது. 'பட்டம், பண்டம்' என்பவற்றிலும், 'தக்கை, தங்கை' என்பவற்றிலும் இதுவே நிகழும். வடமொழியாளர் இத்தகைய ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து வைத்தனர். தமிழுக்கு ஒரே எழுத்துப் போதும். ஏனெனில் இரட்டித்து வருகிறதா, மெல்லினத்தை அடுத்து வருகிறதா என்னும் இடமே தொண்டைக்கு ஆணையிட்டுவிடுகிறது. இவ்விதியைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் விரித்துரைத்தார். கார்சியாவின் கண்ணாடிக்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின் வந்த நூல் அது. 'பஸ்' போன்ற புதுவரவுச் சொற்கள் மட்டும் இந்த விதிக்கு அடங்குவதில்லை. எழுதுவது ஒன்று, தொண்டை செய்வது மற்றொன்று.

குரல் வேறு, எழுத்து வேறு என்பதற்கு மருத்துவ உலகம் தரும் சான்று சற்றுக் கொடுமையானது. 1873-இல் வியன்னா நகரில் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒருவரின் குரல்வளையை முழுவதுமாக அகற்றினார். அத்தகையோருக்குச் சீவாளி போய்விட்டது, குழல் இருக்கிறது. இந்நாளில் அவர்களுள் சிலர் அதிரும் மின்கருவி ஒன்றைக் கழுத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். வண்டு முரல்வதுபோல் ஏற்ற இறக்கமற்ற ஒலிதான். ஆனால் வாயும் நாவும் இதழும் தம் வேலையைச் செய்வதால், அந்த முரலும் ஒலி சொல்லாகி வெளிவருகிறது.

இனி, கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு மிக அணுக்கமான ஒன்றைப் பேச வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் காலை வழிபாட்டில் தேவாரம் பாடும் மாணவன் ஒருவன் இருந்தான். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், மேலே செல்ல வேண்டிய இடத்தில் அவன் குரல் பிளந்து, சேவலின் முதற்கூவல்போல் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் முதல் அவன் பாட வரவில்லை. அதனினும் கவலை தந்தது, வகுப்பில் வினாக் கேட்டால் விடை தெரிந்தும் வாய் திறவாமல் நின்றதே. 'பாடம் படிப்பதில்லை' என்று ஆசிரியர் குறிப்பேட்டில் எழுதினார். உண்மை வேறாக இருந்தது.

இதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் மகரக்கட்டு. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதளவில், ஆண்மைச் சுரப்பின் ஏவலால் கேடயக் குருத்தெலும்பு முன்னோக்கி வளர்கிறது. மடிப்புகள் பழைய நீளத்தினும் பாதிக்கு மேல் நீள்கின்றன, தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்கும் இந்த வளர்ச்சி உண்டு. அளவிற் சிறிதாதலால் வெளியே தெரிவதில்லை. பழைய அளவுக்குப் பழகிய மூளை, புதிய அளவுள்ள சீவாளியை இயக்க முயல்கிறது, இழுப்பு மிகுந்தோ குறைந்தோ போகிறது, குரல் பிளக்கிறது. சில மாதங்களில் கணக்குச் சரியாகிவிடும்.

நாடகமேடையில் இந்தச் சில மாதங்கள் பிள்ளைகளின் பிழைப்பையே அசைத்தன. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை போன்ற குழுக்களில், பாட்டும் வசனமும் பெண்வேடமும் சிறுவர்களின் குரலையே நம்பியிருந்தன. நேற்றுவரை நாயகியாக நின்ற சிறுவன் குரல் உடைந்தவுடன் என்ன வேடம் பெறுவான், பெறுவானா என்பது அவனுக்கும் அவனை அனுப்பிய ஏழைப் பெற்றோர்க்கும் பெருங்கேள்வி. வளர்ச்சி ஒன்று நட்டமாக எண்ணப்பட்ட இடம் அது.

அந்த மாணவனைத் தனியே அழைத்துத் தேற்றுவதை நான் விரும்பவில்லை. தேற்றினால் குறை என்று ஆகிவிடும். வகுப்புக்குச் சென்று, குரல்வளையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, யார் யாருக்கு மாறத் தொடங்கிவிட்டது, யாருக்கு இனி மாறப் போகிறது என்று கேட்டேன். முதலில் சிரித்தவர்களில் பலர் கை தூக்க வேண்டியதாயிற்று. அவன் அதன் பிறகு வழிபாட்டில் பாடவில்லை. வகுப்பில் மட்டும் விடை சொன்னான், சில நாள் கரகரத்த குரலிலேயே.

இறுதியாகக் கரகரப்பைப் பற்றிச் சில செய்திகள். ஓயாமல் உரக்கப் பேசும் ஆசிரியர், கூவி விற்கும் வணிகர், பாடகர் ஆகியோர்க்கு மடிப்புகள் மோதி மோதி, அவற்றின் ஓரத்தில் காய்ப்பு உண்டாகிறது. உழைப்பவர் உள்ளங்கையில் காய்ப்பு வருவதுபோல. காய்த்த இடத்தில் மடிப்புகள் முழுதும் மூடுவதில்லை, காற்றுக் கசிகிறது, குரல் கம்முகிறது. நம் வீடுகளில் உடனே சித்தரத்தையும் அதிமதுரமும் பனங்கற்கண்டும் வெளிவரும். அவை தொண்டைக்கு இதம் அளிக்கும், நானும் சுவைப்பவனே. ஆயினும் விழுங்குவன உணவுக்குழலில் செல்கின்றன. குரல் மடிப்பைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும். நீர் நிறையப் பருகுதலும், ஓயாமல் கனைத்துக்கொள்ளாமையும், பேசாதிருத்தலுமே மடிப்புக்கு உதவுவன. குரல் கெட்டு வந்த ஜெனி லிண்ட் என்னும் சுவீடன் நாட்டுப் பாடகிக்கு 1841-இல் கார்சியா முதலில் கற்பித்தது பாட்டன்று, மௌனம். சில வாரங்கள் வாய் திறவாதிருந்த பின்னரே பாடம் தொடங்கினார். கிசுகிசுத்துப் பேசுவதை ஓய்வு என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலோர்க்கு அது தொண்டையை இறுக்கவே செய்கிறது.

கரகரப்பு மூன்று வாரங்களைத் தாண்டினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். புகைப்பவர் இதில் சிறிதும் தாமதிக்கலாகாது. நோய் குரல்வளையிலேயே இருக்கும் என்பதும் இல்லை. குரல் மடிப்பை இயக்கும் நரம்புகளில் இடப்பக்கத்து நரம்பு, கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறி வருகிறது. மார்பில் தோன்றும் கட்டி இந்த வழியில் நரம்பை அழுத்தி, குரலை முதலில் மாற்றக்கூடும்.

என்னுடன் பணியாற்றிய கணக்காசிரியர் ஒருவர் ஓராண்டு முழுவதும் கம்மிய குரலோடு அறுபது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவந்தார். பலமுறை வற்புறுத்திய பிறகே மருத்துவரிடம் சென்றார். கார்சியாவுக்குக் கதிரவன் ஒளி வேண்டியிருந்தது. இங்கே மூக்கின் வழியே செலுத்திய மெல்லிய ஒளிக்குழாய் சில நிமிடங்களில் மடிப்புகளைத் திரையில் காட்டிவிட்டது. காய்ப்புத்தான், வேறு நோய் இல்லை. சில வாரம் பேசாதிருந்து, பிறகு குரற்பயிற்சி பெற்று, சட்டைப்பையில் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் மீண்டும் வகுப்புக்குச் சென்றார்.